பெட்டி சொன்ன பச்சை

ரமலான், பிறை பதினொன்று. இரவு.

துபாயிலிருந்து தம்பி அனுப்பிய மருந்துப் பெட்டி இன்று மதியமும் கத்தியது. வாப்பா ஓதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் மூடியைத் திறந்தார். சத்தம் அடங்கியது. மாத்திரையைத் தொடாமலே மூடிவிட்டார். மூடி திறந்தால் போதும், மருந்து சாப்பிட்டதாகத் தம்பியின் போனில் பச்சை விழுந்துவிடும்.

"நெஞ்சுக்கு உள்ள மருந்துல்லா வாப்பா. டாக்டரு நோம்பே வேண்டாம்னு சொன்னாரே."

"அல்லாஹ்வுக்கு உள்ள நோம்ப டாக்டரா விடச் சொல்லது? தம்பிட்ட சொல்லிராத மக்கா. பிள்ள அங்க கெடந்து வெப்ராளப்படுவான்."

நோன்பு திறந்ததும் தம்பி கூப்பிட்டான்.

"ராத்தா, பாத்தியா? ஒரு நேரம்கூட தவறல, எல்லாம் பச்சை. இப்பதான் எனக்கு ஒறக்கம் வருது."

கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றேன்.

அடுத்த அறையில் அவருக்கு மூச்சு இரைப்பது இங்கே கேட்கிறது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். எழுப்பாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால், வெறும் வயிற்றோடு நோன்பு பிடிப்பார்.

அலாரம் வைத்துவிட்டேன்.