பிள்ளைக் கொட்டகையில் என் முறை

இன்று காலை நம் வாய்க்கால் கரைப் பூவரச மரத்தில் ஒரு தூளி தொங்கியது. வடக்கேயிருந்து நடவுக்கு வந்தவர்களின் குழந்தை. சேற்று வாடையோடு பால் வாடையும் சேர்ந்து வந்ததும் உன் நினைவு வந்துவிட்டதடி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதே வாய்க்காலில்தான் உன் மகன் போனான். நீ குனிந்து நட்டுக்கொண்டிருந்தாய். அவன் தவழ்ந்து போனதை நாங்களும் பார்க்கவில்லை. அவனைப் புதைத்த மறுவாரமே எங்கள் எதிரில் வந்து நின்றாய்.

"தினம் ஒருத்தி பிள்ளைங்களப் பாத்துக்கட்டும். அவ நட வேண்டியத நாம நட்டுடுவோம். கூலி நெல்லுல அவளுக்கும் சமபங்கு."

"ஓராளு குறையுதே!" என்று பண்ணையின் காரியக்காரர் குதித்தார். "வயலு குறையாம நட்டுத் தர்றோம், போங்க" என்றாய். நாலு மூங்கில், கொஞ்சம் கீற்று, கொட்டகை எழுந்தது. யாரிடமும் நாம் கையேந்தவில்லை. பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பெண்களும் போட்டார்கள். உனக்கு எவ்வளவு பெருமை!

பிறகு கூலிச் சண்டை வந்தது. நாம் வேலையை நிறுத்தினோம். பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியது. நீங்களெல்லாம் வயலை மறிக்கப் போன அன்று கொட்டகையில் என் முறை. வெளியூர்க்காரி ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.

"அக்கா, இவன இங்க விட்டுட்டுப் போவட்டுமா? கரையில பயமா இருக்கு."

"எங்க வயித்துல அடிக்க வந்தவ பிள்ளைக்கு இங்க இடமில்ல. போடி!"

விஷயம் தெரிந்து நீ ஓடி வந்தாய். "ஆளுதான்டி வெளியூரு. பிள்ளைக்கு ஏது ஊரு?" என்று அவள் பின்னாலேயே போய்ப் பிள்ளையை வாங்கி வந்தாய். எனக்கு வந்ததே ஆத்திரம்! என் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். கூலி உயர்ந்த பிறகும் நான் திரும்பவில்லை. ஐப்பசி மழையில் கொட்டகை சாய்ந்தது.

ஒருநாள் குளத்தங்கரையில், "இன்னும் கோவமாடி?" என்று கேட்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாழாய்ப்போன வீம்பு! அடுத்த மார்கழியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது, தெருமுனையில் நின்று அழுதேன். கிட்டே வர எனக்கு முகமில்லை.

இன்று அந்த வடக்கத்திப் பெண் நாலு நாற்றுக்கு ஒருதரம் நிமிர்ந்து தூளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ நடு தாயி, நான் இருக்கேன்" என்றேன். அவளுக்குப் பாஷை தெரியாது. தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டுக் குனிந்தாள், பிறகு நிமிரவே இல்லை.

அன்று விட்ட முறை இன்னும் என்னுடையதுதானடி. நாளைக்கும் போவேன்.