உங்கள் இரண்டு ராசாவும் என் நாலு ஆட்டினும்

இஞ்சாருங்கோ,

காருக்குக் குளிர்கால ரயர் மாற்றக் கொடுத்துவிட்டு கராஜில் காத்திருந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் ஒரு போக்கர் போட்டி. கறுப்புக் கண்ணாடி போட்ட பொடியன் ஒருவன் தன் முன்னால் இருந்த பந்தய வில்லைகள் அத்தனையையும் நடுவுக்குத் தள்ளினான். எதிரில் இருந்தவனிடம் நாலு ஆட்டின், அந்தச் சிவப்பு இதயம் போட்ட சீட்டு. ஐந்தாவது ஆட்டின் வந்தால் அவனுக்கு வெற்றி, வராவிட்டால் வெறுங்கை. அவன் நாடியைத் தடவிக்கொண்டு யோசிக்கிறான். "போடடா கீழ, போடு!" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்கள் வாய் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

இப்போது எல்லோருடைய சீட்டும் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது. நாங்கள் விளையாடிய காலத்தில் பக்கத்தில் படுக்கிற மனிதரின் கையே தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருந்தோம். எங்கள் சனத்தோடு முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடினால் நீங்களும் நானும் எப்போதும் ஒரு சோடி. பிறகு உங்களோடு வேலை செய்த போர்த்துக்கேயன் உங்களை ஸ்காபுறோவில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். ஏதோ தர்ம காரியத்துக்குக் காசு சேர்க்க ஞாயிறு மத்தியானங்களில் நடக்கும் போக்கர் போட்டி. இரண்டாம் கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அதைப் படிக்க அரை மணித்தியாலம் போதும். சீட்டைக் கீழே போடப் படிக்கத்தான் எனக்கு ஒரு வருடம் எடுத்தது. முந்நூற்றிநாலில் தொடங்கிய கையைக் கடைசிச் சீட்டு வரை விளையாடியே தீரவேண்டும். அந்தப் பழக்கத்தில் எவன் பந்தயத்தை ஏத்திக் கேட்டாலும் "சரி, சரி" என்று பின்னால் இழுபட்டு, எல்லோருக்கும் முதல் தோற்று, வாசலில் கோப்பியோடு நிற்பேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சப்வேயில் உங்கள் பிரசங்கம்.

"உது இழுபறிக் கை. இன்னும் ஒரு சீட்டு வந்தாத்தான் அது கை. உதை வைச்சுக்கொண்டு, தள்ளுறவனுக்குப் பின்னால 'சரி' எண்டு போகக்கூடாது. ஒண்டில் சீட்டைக் கீழ போட்டிடும். இல்லாட்டி அவனுக்கு முதல் நீர் தள்ளும்."

"நான் தள்ளினா அவன் பயப்பிடுவானோ?"

"தள்ளுறவனுக்கும் பயம் இருக்குமெல்லோ."

மேசையில் அப்படித் தள்ளுகிறவர் நீங்கள்தான். வீட்டிலும் நீங்கள்தான். ஒருநாள் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னீர்கள்: "ஒஷாவாவில வேலை சரிவந்திட்டுது. இருக்க இடமும் பார்த்திட்டன். வாற மாசம் போறம்."

நான் அப்போது பகலில் வேலை செய்துகொண்டு, பின்னேரத்தில் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். முடிக்க இன்னும் ஒரு வருடம். ஒஷாவாவிலிருந்து அந்த வகுப்புக்கு வந்துபோக எனக்கு வழியே இல்லை. உங்களுக்கும் அது தெரியும். "யோசிப்பம்" என்றேன். அடுத்த நாள் "சரி, பார்ப்பம்" என்றேன். நீங்கள் ஒவ்வொரு படியாக ஏத்த ஏத்த, நானும் ஒவ்வொரு "சரி"யாகப் பின்னால் போனேன். பெட்டிகள் வந்தன. என் கல்லூரிப் புத்தகங்களை நீங்களே அடுக்கி, மேலே என் பெயரும் எழுதி வைத்தீர்கள். ஊரில் என் படிப்பைச் சண்டை பாதியில் நிறுத்தியது. இதுவும் பாதியில் நின்றால் மூன்றாம் தரம் தொடங்க எனக்குத் தெம்பு வராது என்று தெரியும். ஜன்னலைத் திறந்தால் நாலு விரல் அளவுக்கு மேல் திறக்காது. அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிறு ஆறு பேர் மிஞ்சியிருந்தபோது நாங்கள் இருவரும் ஒரே மேசை. நீங்கள் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு கையில் நீங்களும் நானும் மட்டும் மிஞ்சினோம். என்னிடம் இரண்டு ஆட்டின். நடுவில் முதல் மூன்று சீட்டு விழுந்தன: அதில் இரண்டு ஆட்டின், ஒன்று ஏஸ். இன்னும் ஓர் ஆட்டின் வந்தால்தான் கை. முதலில் பேசவேண்டியது நான். வழக்கம்போல் சும்மா இருந்தால் நீங்கள் ஏத்துவீர்கள், நான் "சரி" என்பேன், பிறகும் ஏத்துவீர்கள். கடைசியில் என்ன நடக்கும் என்று எனக்குப் பெட்டிகளோடு சேர்த்துத் தெரிந்தது. எல்லா வில்லைகளையும் தள்ளினேன்.

"இஞ்சேரும், விளங்கித்தான் செய்யிறீரோ?"

மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்று சீட்டைப் பிரித்துக் கொடுக்கிறவள் அதட்டினாள். உடனே கனவான்போல "ஆர் யூ ஷுவர்?" என்றீர்கள். "யெஸ் சேர்" என்றேன். போர்த்துக்கேயன் விழுந்து விழுந்து சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. ராசாவை வெல்லும் அந்த ஏஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்கள் இரண்டு ராசாவையும் எல்லோருக்கும் காட்டிக் கீழே போட்டீர்கள். நான் என் சீட்டைக் கவிழ்த்தபடியே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் நானும் தோற்றேன், அது வேறு கதை.

ரயிலில் ஏறினதும், "என்ன வைச்சிருந்தனீர்?" என்றீர்கள்.

"நான் ஒஷாவாவுக்கு வரேல்லை. படிப்பை முடிக்கப்போறன்."

அப்போது என்னிடம் நாலு ஆட்டின்கூட இல்லை. "அப்ப நீர் தனிய இரும், நான் போறன்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் அடுத்த நாளே உங்கள் பின்னால் பெட்டி தூக்கியிருப்பேன். மூன்று ஸ்டேசன் கடந்தன. பிறகு, "சரி. ஒரு கார் எடுத்து நான் இஞ்சயிருந்து வேலைக்கு ஓடுறன்" என்றீர்கள்.

ஓடினீர்கள். படிப்பை முடித்தேன், அந்த வேலையும் கிடைத்தது, அதில் இருபது வருடம் இருந்தேன். நீங்கள் பதினொரு குளிர்காலம் விடியமுதல் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டினீர்கள். முதுகு பிடித்து, இருக்க முடியாமல், பின்னேரச் சோற்றை நின்றபடி சாப்பிட்டீர்கள். கலியாண வீடுகளில் மட்டும், "மனிசி அண்டைக்கு ஏஸோட இருந்தவ, நான் தப்பினன்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நான் வாயே திறந்ததில்லை. ஏஸ் இல்லை, நாலு ஆட்டின்தான் இருந்தது. உங்களை ஏமாற்றித்தான் சீட்டைக் கீழே போடவைத்தேன்.

ஒருநாளாவது "எல்லாம் உம்மாலதான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்பேன். சொல்லாமல் போய்விட்டீர்கள், இனி யாரோடு சண்டை பிடிப்பது? நான் வெளியே வந்த இடத்துக்குள் உங்களை விட்டுக் கதவைச் சாத்தியதுபோல் இருக்கிறது. காலையில் வேறு யாரோ காரில் பனி சுரண்டும் சத்தம் கேட்டாலும் எழும்பி ஜன்னலடிக்குப் போய்ப் பார்க்கிறேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு போகத்தான் தெரிகிறது, கேட்கமாட்டேன். திரும்ப அதே ரயிலில் அதே வெறுங்கையோடு இருத்தினாலும், உங்களுக்கு முதல் நான்தான் வாயைத் திறப்பேன். அந்தப் பதினொரு குளிர்காலமும் தெரிந்துகொண்டே திறப்பேன்.