பந்துப் பையின் பக்க ஜிப்

செம்பாக்கம்
14.7.2025

மெட்டில்டா அக்காவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கிற வழக்கத்தை விட வேண்டாம் என்பதற்காகக் கேட்கிறேன்.

வாட்ஸாப் குழுவில் நாம் போட்ட சண்டையை நம் ஃபுட்பால் அணியின் பெண்கள் இருபத்திரண்டு பேரும் படித்துவிட்டார்கள் என்று கிளப் தலைவர் ஸ்ரீநிவாசன் சார் குழுவையே மூடிவிட்டார். இனி செயலாளர் நானும் பயிற்சியாளர் நீங்களும் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஆடும் பதினொரு பேர் பட்டியல் போகிற அதே பந்துப் பை, அதே பக்க ஜிப். பத்தாம் நம்பர் போடுகிறவள்தான் பையைச் சுமக்க வேண்டும் என்று நீங்கள் ஆடிய காலத்திலேயே வைத்த வழக்கம். ஆகவே இந்தக் கடிதம் ஹெப்சியின் ஸ்கூட்டியில் சேலையூர் வருகிறது. கவரை ஒட்டவில்லை. மருந்துச் சீட்டைத் தவிர வேறெதையும் அவள் படித்து நான் பார்த்ததில்லை.

விஷயமும் ஹெப்சிதான். ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. நம் பந்தெல்லாம் அவள் காலிலிருந்துதான் கிளம்புகிறது. நேற்று வலது பக்கம் ஒன்பது பாஸ் அடித்தாள், ஏழு கோட்டுக்கு வெளியே. கேட்டால், "நம்ம கிரவுண்டு வலது பக்கம் மேடா கீதுக்கா, அதுலயே அடிச்சி அடிச்சி கால் பழகிடுச்சி" என்கிறாள். என் அப்பா வயலைக் கொடுத்து உங்களை ஆடச் சொன்னார். முப்பத்தொரு வயதில் கால் தடுமாறினால் அதற்கு எங்கள் நிலம் பொறுப்பா?

ஜோசலினை இறக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இருக்கிற பார்வை நம் அணியில் யாருக்கும் இல்லை.

அன்புத் தங்கை,
கோகிலவாணி

*

சேலையூர்
17.7.2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். நீயும் உன் கடையும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

ஒன்பது பாஸையும் எண்ணியிருக்கிறாய். சிமெண்ட் மூட்டை எண்ணுகிற பழக்கம் போகவில்லை. அந்த ஆட்டத்தில் ஹெப்சி பிடுங்கிய பந்தை எண்ணினாயா? கோல் வாயில் நம் முன்கள ஆட்கள் மேலே அடித்ததை எண்ணினாயா?

மேடு, பள்ளம் என்று என்னிடமும் சொன்னாள். சாக்கு சொல்லாதே, சரியாகத் தூங்கு என்று திட்டி அனுப்பினேன். மேடவாக்கத்து மருந்துக்கடையில் காலை ஏழு மணிக்கு நிற்கத் தொடங்குகிறவள் மாலையில் ஓடுகிறாள். அதற்குமேல் அவளை என்ன செய்யச் சொல்கிறாய்?

ஜோசலின் நன்றாக ஆடுகிறாள். அதனால்தான் தொடவில்லை. தோற்கிற அணியின் நடுவில் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். அவளுக்கு இந்த வருடம் பெஞ்ச். அடுத்த வருடம் பார்ப்போம்.

அன்புடன்,
மெட்டில்டா

*

செம்பாக்கம்
22.7.2025

மெட்டில்டா அக்காவுக்கு,

உனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டீர்கள். இருபத்திரண்டு வருடமாக நாம் இருவரும் தொடாத பேச்சு. நீங்களே தொட்டதால் நானும் சொல்கிறேன்.

மாவட்ட இறுதி ஆட்டம். எனக்குப் பதினெட்டு வயது. உங்களுக்குக் காய்ச்சல் என்று பத்தாம் நம்பரை எனக்குக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் மூன்று கோல் வாங்கினோம். நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து பயிற்சியாளர் காதில் ஏதோ சொன்னீர்கள். அடுத்த நிமிடம் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். காய்ச்சல்காரி நீங்கள் இறங்கினீர்கள். என் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று நீங்கள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

என்னை அன்றைக்குக் கெடுத்தது ஆட்டம் இல்லை அக்கா. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் எனக்கு ஆட்டம் பிடிபட்டிருக்கும். ஒரு சின்னப் பெண் மேலே வந்தால் உங்களுக்குப் பொறுக்காது. அன்றைக்கு நான், இன்றைக்கு ஜோசலின்.

கோகிலவாணி

*

சேலையூர்
29.7.2025

செயலாளர் அவர்களுக்கு,

பயிற்சியாளர் காதில் நான் சொன்னது உண்மை. மூன்றாவது கோலுக்குப் பிறகு பந்து உங்கள் பக்கம் வந்தபோது நீங்கள் விலகி நின்றீர்கள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு நான் இறங்கியது பேர் வாங்க இல்லை. ஆட்டம் நாலுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. அந்த நாலாவது கோலுக்கான பழி என் தலையில் விழுந்தது, உங்கள் தலையில் இல்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டாம். பொறாமை என்று சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

நீங்கள் நிலம் கொடுத்தவர். அதற்காக அணியையும் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. யார் ஆட வேண்டும் என்று சொல்லத்தான் என்னை வைத்திருக்கிறீர்கள்.

மெட்டில்டா
பயிற்சியாளர்

*

செம்பாக்கம்
7.8.2025

பயிற்சியாளர் அவர்களுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து என்னை "நீ" என்று கூப்பிட்ட வாய். சந்தோஷம்.

விலகி நின்றது உண்மைதான். மூன்று கோல் வாங்கியவள் ஒரு நொடி விலக மாட்டாளா? "வரியா, இருக்கியா" என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே. இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

ஞாயிறன்றும் தோற்றோம். பதினேழாம் தேதி கடைசி ஆட்டம். ஜெயிக்காவிட்டால் கீழ் டிவிஷனுக்கு இறங்குகிறோம். ஹெப்சி தேய்ந்துபோன செருப்பு. பழகிய செருப்பு என்று இன்னும் மாட்டிக்கொண்டு நடக்கிறீர்கள், கால் வழுக்கினால் தரையைத் திட்டுகிறாள் அவள். பட்டியலில் ஜோசலின் பெயர் இருந்தால் கையெழுத்துப் போடுவேன்.

கோகிலவாணி
செயலாளர்

*

சேலையூர்
14.8.2025

செயலாளர் அவர்களுக்கு,

பட்டியல் இத்துடன். பத்தாம் நம்பர் ஹெப்சி.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஹெப்சியின் ஆட்டம் முடிந்துவிட்டது என்று போன வருடமே எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாம் தோற்கத்தான் போகிறோம். தோற்றால் ஊர் ஒருத்தியைத் திட்டும். அந்தத் திட்டை வாங்க ஹெப்சி போதும். அவளுக்குப் பழகிவிட்டது, வாங்கிக்கொண்டு மறுநாள் கடைக்குப் போய்விடுவாள். ஜோசலின் சுத்தமாக இருக்கட்டும். அடுத்த வருடத்துக்கு அவள் வேண்டும்.

இது புரியாவிட்டால் உங்களுக்கு ஃபுட்பால் புரியவில்லை.

மெட்டில்டா

*

செம்பாக்கம்
18.8.2025

பயிற்சியாளர் அவர்களுக்கு,

ஆம், பட்டியலில் ஹெப்சி பெயரை அடித்துவிட்டு ஜோசலின் பெயரை நான்தான் எழுதினேன். லீக் அலுவலகத்தில் செல்லுவது செயலாளர் கையெழுத்து. கிரவுண்டில் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள், அங்கேயே சொன்னேன், இப்போது எழுத்திலும் சொல்கிறேன்.

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். ஜோசலினும் வலது பக்கம் பந்தை வெளியே அடித்தாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹாஃப் டைமில் நீங்கள் செய்ததை என்னால் மன்னிக்க முடியாது. ஆள் மாற்றுகிற சப் பலகையில் பத்து என்று போட்டுக் கையில் வைத்திருந்தீர்கள். அதே பெஞ்ச், அதே வேலை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பலகையைத் தூக்கவிடாமல் ஹெப்சி தடுத்திருக்காவிட்டால் நானே உள்ளே வந்திருப்பேன்.

இரண்டுக்கு ஒன்று. கீழே இறங்கிவிட்டோம். என் அப்பா ஆரம்பித்த அணி. பயிற்சியாளர் பதவியைப் பற்றிக் கமிட்டி பேசும்.

கோகிலவாணி

*

சேலையூர்
19.8.2025

செயலாளர் அவர்களுக்கு,

கமிட்டி பேச வேண்டாம். நானே விலகுகிறேன்.

பலகையைக் கையில் எடுத்ததற்கு எனக்கு வெட்கமில்லை. ஜோசலின் அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள், நான் பக்கத்தில் இருந்தேன். ஹெப்சியை இறங்கு என்றேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக என்னை எதிர்த்துப் பேசினாள். "அவளுக்கு பதிலா நான் எறங்க மாட்டேன்க்கா. அவ கூட ஆடணும்னா வரேன். ஹில்டா காலப் புடிச்சிகினு கீறா, அவள வெளில எடுங்க" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஹில்டாவின் எண்ணைப் போட்டேன். ஹெப்சி ஜோசலின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன என்று இதுவரை என்னிடம் சொல்லவில்லை.

அந்த ஒரு கோல் ஜோசலின் வலது பக்கம் கொடுத்த பாஸில் வந்தது. உங்களுக்கு அது வெற்றியாகத் தெரியும். பெயரைப் பட்டியலில் எழுதியதற்குப் பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலமும் உங்கள் அணியும் உங்களுக்கே. இனி எழுத வேண்டாம்.

மெட்டில்டா

*

மேடவாக்கம்
21.8.2025

மெட்டில்டா அக்காவுக்கும் கோகிலா அக்காவுக்கும்,

ஹெப்சி எழுதுவது. இரண்டு பிரதி எடுத்து, ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறேன்.

எல்லாக் கடிதத்தையும் படித்தேன். முதல் கடிதத்தை வேண்டுமென்று எடுக்கவில்லை. பட்டியல் என்று நினைத்து எடுத்தேன், என் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே படித்தேன். வேளச்சேரி ரோடு சிக்னலில், ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி. தப்புதான். ஆனால் என்னைப் பற்றி எழுதி என்னிடமே கொடுத்து அனுப்பினீர்கள். உங்கள் இருவர் கண்ணிலும் என் பைதான் பட்டது, நான் படவில்லை.

கோகிலா அக்கா, தேய்ந்த செருப்பு என்று நீங்கள் எழுதியது எனக்கு வலிக்கவில்லை. என்னைப் பிடிக்காது என்பதை நீங்கள் முகத்துக்கு நேராகவும் காட்டுவீர்கள். மெட்டில்டா அக்கா, பதினான்காம் தேதிக் கடிதம்தான். எனக்காகப் பேசுகிறீர்கள் என்று ஒரு மாதம் நம்பினேன். அம்மாவிடம்கூடச் சொன்னேன், அக்கா என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று. நான் தோற்றால் நல்லது என்பதற்காக என்னை வைத்திருந்தீர்கள். அன்றைக்குக் கடையில் தப்பான மருந்தை எடுத்துக் கொடுத்து, முதலாளியிடம் திட்டு வாங்கினேன். நீங்கள் சொன்ன மாதிரி வாங்கிக்கொண்டேன்.

இப்போது தரை. நம் கிரவுண்டில் ஒரு பக்க கோல் போஸ்ட்டுக்கு முன்னால் கோகிலா அக்கா கடையின் செங்கல் லோடு கிடக்கிறது. அதனால் வருடக் கணக்காக இன்னொரு கோலை நோக்கித்தான் பயிற்சி. கிரவுண்டை ஒட்டிய ஏரி எப்போதும் இடது கைப் பக்கம், மேடு எப்போதும் வலது கைப் பக்கம். மேட்டுக்கு அழுத்தி அடித்துப் பழகிய கால் லீக் மைதானத்துச் சமதரையில் வலது பக்கம் அடித்தால் பந்து வெளியேதான் போகும். ஆடுகிற வேகத்தில் காலுக்கு யோசிக்க நேரமில்லை. என் பந்து போனது, ஜோசலின் பந்தும் போனது, நாளைக்கு யார் வந்தாலும் போகும். ஹாஃப் டைமில் அவள் தோளைப் பிடித்து நான் சொன்னது இவ்வளவுதான்: "வலது பக்கம் பாதி அடி போதும்டி, இங்க மேடு இல்ல." இதையே உங்கள் இருவரிடமும் ஜூலையில் சொன்னேன். ஒருவருக்கு அது அப்பா நிலத்தின் மேல் சொல்லும் குற்றம், ஒருவருக்கு எனக்குத் தூக்கம் போதவில்லை. ஒரு மாதம் என் காலைப் பற்றி எழுதினீர்கள். யாரும் குனிந்து தரையைப் பார்க்கவில்லை.

பழைய இறுதி ஆட்டத்தையும் படித்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கோகிலா அக்கா எழுதியிருந்தீர்கள். என் பெயரை அடிக்கும்போது நீங்கள் என்னைக் கேட்டீர்களா?

மேடவாக்கம் பெண்கள் அணியில் சேர்ந்துவிட்டேன். கேட்டேன், எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் கீழ் டிவிஷன்தான். அடுத்த வருடம் உங்களுக்கு எதிரே நிற்பேன். செங்கல்லை எடுத்தீர்களா இல்லையா என்பது வலது பக்கம் வருகிற முதல் பாஸிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

பையில் பந்து எட்டு, பம்ப் ஒன்று, ஊசி இரண்டு. பத்தாம் நம்பர் இனி ஜோசலினுக்கு என்பதால் பையை அவளிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் உங்களிடம் வருகிறது. பக்க ஜிப்பைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பதினேழு வயது, திறப்பாள். இனி அவளைப் பற்றி ஏதாவது எழுதுவதாக இருந்தால், அவள் படிப்பாள் என்று தெரிந்து எழுதுங்கள்.

ஹெப்சி