மேலை வாயிலுக்கு வெளியே நிற்கும் சக்கரம்

கடல் மூன்று முகம் காட்டும் மாறுகரை நாட்டின் மணிமுடி தாங்கியவரும், ஏழு துறைகளின் உப்புக்கும் முத்துக்கும் உரியவரும், இரும்புப் புரவிப் படையின் தலைவியும், எம் குலத்தார் கைகூப்பி நிற்கும் கொற்றவியுமான கயல்வேணி நாச்சியார் திருவடிகளுக்கு, தலைநகர் நெடுவாயிலிலிருந்து, துறைமுகச் சுங்கம் காக்கும் அமைச்சன் குவாவன் நாகப்பன் பணிந்து விடுக்கும் ஓலை. தேவியார் தங்கியிருக்கும் நீராழி மாளிகையில் காற்று இதமாக வீசுக. அங்குள்ள விளக்குகளில் எண்ணெய் வற்றாதிருக்க. தங்கள் கண்களுக்கு உறக்கம் வருக. முதலிரண்டும் வாழ்த்து. மூன்றாவது என் வேண்டுதல்.

தங்கள் தம்பியார் இளையகோ மகிழ்வேளார், யானைமடக்கு வளைவில் மணலில் மோட்டார் வண்டி சறுக்கி வீழ்ந்து உயிர் நீத்ததும், அவருக்குச் செய்த புகைவிடை பாதியில் நின்றதும், நிறுத்திய குற்றத்திற்காக அவருடைய தோழன் சாத்தன் பூதியின் தலையை அமாவாசைக்குள் கொய்யும்படி தாங்கள் ஆணையிட்டதும் நாடறிந்தவை. ஆணை நிறைவேறுமுன் காரணத்தை விசாரித்து எழுதுமாறு கணையாழியை என் கையில் கொடுத்தீர்கள். படைத்தலைவர்கள் இத்தனை பேர் இருக்கச் சுங்கக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று அவையில் சிலர் முகம் சுளித்தார்கள். பொய்ச் சரக்கை மோந்தே சொல்லிவிடும் மூக்கு என்று தங்கள் தந்தையார் என்னைக் கேலி செய்ததைத் தாங்கள் மறக்கவில்லை போலும். அந்த மூக்கை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

இவ்வோலை நாளை வேறு கைகளிலும் படக்கூடும் என்பதால், தாங்கள் அறிந்த வழக்கத்தையும் எழுதிவிடுகிறேன். நம் புரவி வீரன் ஒருவன் இறந்தால் அவன் உயிர் அவன் வண்டியின் மேலேயே அமர்ந்திருக்கும் என்பது நம் படையின் நம்பிக்கை. அதனால் அவன் தோழன் அவ்வண்டியில் ஏறி, முன் பிரேக்கை இறுகப் பிடித்து, முதல் கியரில் எஞ்சினை முறுக்கிக் கிளட்சை விடுவான். முன்சக்கரம் அசையாது. பின்சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுழலும். டயர் கல்லில் உரசிக் காய்ந்து, கருகி, வெண்புகை மதில் உயரம் எழும். டயர் வெடிக்கும்வரை கை தளரக் கூடாது. வெடித்த ஓசை கேட்டதும் ஊர் முழுவதும் கும்பிட்டு விடைகொடுக்கும். அதன் பிறகே சாம்பல் ஆற்றுக்குப் போகும். இளையகோவின் டயர் வெடிக்கவில்லை. பாதிப் புகையில் பூதி எஞ்சினை நிறுத்தி இறங்கிவிட்டான். சாம்பல் இன்னும் கலயத்தில் இருக்கிறது.

நான் நெடுவாயிலுக்குள் நுழையுமுன்பே வதந்தி என்னை எதிர்கொண்டது. அந்தி தோறும் யானைமடக்கு வளைவிலிருந்து ஒரு வண்டி இறங்கி வரும் ஓசை கேட்கிறதாம்; மேலை வாயிலுக்கு வெளியே வந்து நிற்கிறதாம்; சற்று நேரம் உறுமிவிட்டு அடங்கிவிடுகிறதாம்; யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லையாம். இப்படிப்பட்ட கதை கேட்டால் எங்கள் வணிகர் வீட்டில் முதலில் தேடுவது, இதனால் யாருக்கு வியாபாரம் என்பதைத்தான். தேடினேன். வாயிலருகே தாயத்து விற்கும் ஒருவன் அகப்பட்டான். பேயை அழைத்து வந்தது நீதானே என்று அவனை மடக்கினேன். அவனோ கடையைக் கட்டிக்கொண்டிருந்தான். "எனக்கே பயமா இருக்கு சாமி. இருக்கிற தாயத்தை எல்லாம் நானே கட்டிக்கிட்டேன், விக்கிறதுக்கு எங்க இருக்கு?" என்று கழுத்தைக் காட்டினான். வணிகன் தன் சரக்கைத் தானே தின்னத் தொடங்கினால் விஷயம் பெரிது என்று அப்போதே எனக்கு உறைத்தது.

மேலை வாயிலின் காவற்றலைவன் மல்லன் சேந்தனை அழைத்து, பயந்தவர் காதுக்குக் காற்றும் எஞ்சினாகும் என்று கடிந்துகொண்டேன். அவன் கோபப்படவில்லை. அவன் சொன்னதை மெருகு போடாமல் தருகிறேன்: "செட்டியாரே, மனுசன் பொய் சொல்லுவான், நாய் சொல்லுமா? பேய் வந்தா ஊளையிடணும். எங்க நாயெல்லாம் கதவுகிட்டப் போய் வாலாட்டிக்கிட்டு நிக்குது. யாருக்கு ஆட்டுதுன்னு நீங்களே வந்து பாருங்க." இளையகோ வரும்போதெல்லாம் மடியில் கருவாடு கட்டி வந்து அந்நாய்களுக்குப் போடுவார் என்பதைத் தாங்களும் அறிவீர்கள்.

பிறகு சிறைக்குச் சென்றேன். பூதி தரையில் சாய்ந்திருந்தான், எழுந்து வணங்கினான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, இளையகோவின் வண்டியில் இருப்பது ஸ்லிப்பர் கிளட்ச் என்றும், அது வழுக்கிவிட்டதால் டயர் வெடிக்குமளவு சக்கரத்திற்கு விசை போய்ச் சேரவில்லை என்றும் மனப்பாடம் செய்தவன்போல ஒப்பித்தான். படைத்தலைவர்கள் இதைக் கேட்டுத் தலையசைத்திருக்கிறார்கள். பெயரிலேயே வழுக்கல் இருப்பதால் அவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கும்.

தேவியாரே, என் தந்தை துறைமுகத்தில் நடத்திய கடையில் அக்கருவியைக் கூவிக்கூவி விற்றவன் நான். எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது அது மற்றக் கிளட்சைப்போல் இறுகப் பிடித்துக்கொள்ளும்; புகைவிடைக்கு அதனால் நன்மையும் இல்லை, தடையும் இல்லை. வேகமாக வருபவன் சட்டென்று கியரை இறக்கும்போது, ஓடுகிற சக்கரம் எஞ்சினைத் திருப்பித் தள்ளுமே, அப்போது மட்டும்தான் அது சற்றே நழுவிக் கொடுக்கும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கவிழாமல் காக்கும். அந்நேரத்தில் கிளட்ச் பிடி விரலடியில் நாடிபோல் துடிக்கும். வாங்க வந்தவர்களிடம் நான் வழக்கமாக அளக்கும் கதையே அதுதான்: வண்டி வீடு திரும்பும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் கருவி என்பேன்.

ஆகவே அவனிடம், "அடே, இந்தச் சரக்கை வித்தவன்கிட்டேயே இந்தக் கதையா? முன்னாடி இழுக்கும்போது வழுக்குற ஸ்லிப்பர் கிளட்ச்சை எந்த ஊர்க் கடையில பார்த்தே?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். பிறகு, "எழுதிக்குங்க ஐயா. கிளட்ச் வழுக்கிருச்சு. அவ்வளவுதான். தலைதானே கேட்டாங்க, வாக்குமூலமா கேட்டாங்க?" என்றான். பேரத்தில் ஒருவன் தன் உயிரையே விலையாக வைத்துவிட்டு இறங்க மறுத்தால், அதைவிடப் பெரிதாக எதையோ முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான் என்று பொருள். அதற்குமேல் அங்கே கேட்பதில் பயனில்லை. கணையாழியைக் காட்டி அவன் விலங்கை அவிழ்த்து, அந்தி சாயுமுன் மேலை வாயிலுக்கு வெளியே, வண்டி நின்ற இடத்திற்கே அழைத்துப் போனேன்.

கறுத்துக் கிடந்த டயர்த் தடத்தின் மேலேயே வண்டி நின்றது. பின் டயர் பாதி தேய்ந்திருந்தது. புகைவிடை எப்போதும் அரண்மனை முற்றத்தில் அல்லவா நடக்கும், இதை ஏன் மதிலுக்கு வெளியே நடத்தினீர்கள் என்று சேந்தனைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆணை இருக்கே செட்டியாரே" என்றான். உடலைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார்களாம். சக்கரத்திற்கு மட்டும் கதவைத் திறக்க அவனுக்குத் துணிவு வரவில்லையாம்.

அவ்வாணையைத் தங்களுக்கு நினைவூட்ட என் எழுத்தாணி கூசுகிறது. தங்கள் முடிசூட்டு நாளில், மகிழ்ச்சி தாங்காத இளையகோ, அரியணை மேடையைச் சுற்றி வண்டியில் புகைவட்டம் போட்டார். மேடையின் வெண்பட்டு கரிபிடித்தது. அயல்நாட்டுத் தூதர்கள் இருமினார்கள். தங்கள் முகம் சிவந்தது. மகிழ்வேளன் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை அவன் சக்கரம் இந்நகர வாயிலைத் தாண்டக் கூடாது என்று தாங்கள் வாய்விட்டுச் சொன்னீர்கள். அவர் சிரித்துக்கொண்டே எல்லைக் காவலுக்குப் போய்விட்டார்.

அந்திக்குச் சற்று முன் பூதியை வண்டியில் ஏற்றினேன். என் உடல் பருமன் தங்களுக்குத் தெரியும். என்றாலும் நானும் பின்னால் ஏறி, அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கிளட்ச் பிடியில் என் விரல்களை வைத்தேன். எஞ்சின் உறுமியது. முன் பிரேக் இறுகியது. பின்சக்கரம் சுழன்று புகை எழுந்தது, கண் எரிந்தது, கருகிய ரப்பர் நாற்றம் தொண்டையில் படிந்தது. பிடி என் விரலடியில் அசைவின்றி இருந்தது, நான் கடையில் சொன்னபடியே.

அப்போது வளைவின் பக்கம் ஓர் ஓசை. மேலிருந்து ஒரு வண்டி கியரை இறக்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வோர் இறக்கத்திலும் எஞ்சின் ஒருமுறை உயர்ந்து தாழ்கிறது. சாலையில் எதுவும் இல்லை. கதவின் கீழ் இடுக்கில் நாய்களின் மூக்குகள் தெரிந்தன. என் விரலடியில் கிளட்ச் பிடி துடிக்கத் தொடங்கியது.

பூதி முறுக்கைத் தளர்த்தினான். சுழலும் சக்கரத்தின் மிச்ச வேகத்தால் ஓரிரு துடிப்பு இருக்கும், உடனே அடங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடங்கவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்தான். அப்போதும் பின்சக்கரம் எங்களுக்குக் கீழே எஞ்சினைத் தள்ளிக்கொண்டிருந்தது. துடிப்பு என் மணிக்கட்டுவரை ஏறியது. நான் பேய்க்குப் பயந்தவன் அல்லன் என்று பலமுறை பீற்றியிருக்கிறேன். அன்று என் பல் தந்தியடித்ததைக் கேட்டவர் இருவர்; ஒருவர் பூதி.

"அன்னைக்கும் இப்படித்தான் ஐயா," என்றான் அவன், திரும்பாமல். "டயர் வெடிக்கிற நேரம். அவர் வந்துட்டார். வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கிறவரை நான் எப்படிப் போகச் சொல்லுவேன்?"

பிரேக்கை விடச் சொன்னேன். வண்டி தானாக உருண்டது. மிக மெதுவாக, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரின் பொறுமையோடு சென்று, முன்சக்கரத்தால் மூடிய கதவை ஒருமுறை தொட்டது. அத்துடன் துடிப்பு நின்றது. நாய்கள் குரைக்கவில்லை. உள்ளே வாலடிக்கும் ஓசை மட்டும் கதவில் பட்டுக்கொண்டிருந்தது.

பூதி அழுததை அப்போதுதான் கண்டேன். எல்லையிலிருந்து இருவரும் சேர்ந்தே புறப்பட்டார்களாம். வழி நெடுக இளையகோ மன்னிப்புக் கேட்கும் சொற்களைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாராம். "அக்கா முதல்ல அடிப்பா, அப்புறம் சோறு போடுவா" என்று கடைசிச் சத்திரத்தில் சொல்லிச் சிரித்தாராம். அதற்கப்புறம் அந்த வளைவு. இதை முன்பே சொல்லியிருந்தால் தலை தப்பியிருக்குமே என்றேன். அவன் மறுமொழி: "அக்கா காதுக்கு இது போகக் கூடாது ஐயா. அவங்க சொன்ன ஒரு வார்த்தைக்காக இன்னும் வெளியிலேயே நிக்கிறார்னு தெரிஞ்சா, அவங்களுக்குச் சோறு இறங்குமா? என் தலை போனா ஒரு தலை." அவன் தங்களை அக்கா என்றே சொன்னான். பிழையானால் பொறுத்தருள்க; திருத்த எனக்கு மனம் வரவில்லை.

தேவியாரே, சுங்கக்காரன் அறிவு சிறிது. ஆயினும் உள்ளே வராத சரக்குக்கு வெளியே போகும் முத்திரையை நான் ஒருநாளும் குத்தியதில்லை. வந்து சேராதவருக்கு நாம் விடைகொடுக்கப் பார்த்தோம். அப்பிழை பூதியுடையதாகாது, கதவுக்கு வெளியே கும்பிடக் கூடி நின்ற ஊரார் அனைவருடையதும் ஆகும். தம்பியார் ஆணையை மீறவில்லை. மன்னிப்புக் கேட்க வந்து, திறக்கும்வரை காத்து நிற்கிறார்.

ஆகவே கணையாழியின் பெயரால் நான் செய்தவை இவை. பூதியின் தலைக்குரிய ஆணையை நிறுத்தி வைத்தேன். வண்டியைத் தொடவோ, டயரை மாற்றவோ, அவ்விடத்தைக் கழுவவோ கூடாதென்று சேந்தனுக்கு ஓலை கொடுத்தேன். நாய்களைக் கதவருகிலிருந்து விரட்டக் கூடாதென்றும் சேர்த்து எழுதினேன். மேலை வாயிலைத் திறக்க மட்டும் இக்கணையாழியால் ஆகாது. அது தங்கள் வாயால் மூடியது.

இவ்வோலையைத் தங்கள் கையில் கொடுப்பவனே சாத்தன் பூதி. விலங்கில்லாமல், காவலில்லாமல் தனியே அனுப்புகிறேன், ஓடிப்போக மாட்டான். நான் எழுதியது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வழியிலேயே ஆற்றில் எறிந்திருப்பான். தாங்கள் கேட்டால், கிளட்ச் வழுக்கிவிட்டது என்றே மறுபடியும் சொல்வான். சொல்லட்டும். கேட்டுக்கொண்டு, அவனுக்குச் சோறு போட்டு, அவன் வண்டியின் பின்னால் ஏறிப் புறப்பட்டு வருக. அந்திக்குள் வந்து சேரலாம்.

நாடு தழைக்க. நாச்சியார் நெடிது வாழ்க. இது கணையாழி பதித்து, நெடுவாயில் மேலைக் காவற்கூடத்திலிருந்து குவாவன் நாகப்பன் தன் கைப்பட எழுதியது. வழியிலுள்ள காவலர் யாவரும் இவ்வோலை கொண்டுபோவானை மறிக்காது விடுக. அவன் திரும்பி வருகையில் உடன் வருபவர் யாரென்று கேளாது, எல்லாக் கதவுகளையும் திறந்து நிற்க.