அண்ணன் போட்ட முதல் கையெழுத்து

சித்தப்பா,

மோட்டார் காயில் எரிந்த நாற்றம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. காலையில் அதைக் கழற்றி மொபெட்டில் வைத்துத் திருக்காட்டுப்பள்ளிக்குக் கொண்டுபோனேன். காயில் கட்டுபவர் பார்த்ததுமே, "மறுபடியும் லோ வோல்டேஜா? உங்க ஊருக்குன்னே தனியா கடை போடலாம் போலருக்கு" என்றார். குறுவை வயல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஞாபகம் வந்தது. கோபமாகத்தான் வந்தது.

நம் ஊர் கரண்ட் லைன் எங்கே தொய்ந்து கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வீர்கள். இளநிலைப் பொறியாளராக இருந்தபோது அதை இழுத்தவரே நீங்கள்தான். பிறகு படிப்படியாக மேலே போய், சென்னையில் மின்சார ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினராக உட்கார்ந்தீர்கள். தஞ்சாவூரில் ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றதும் டீக்கடையில் ஊரே கூடி முடிவெடுத்தது. தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு கொடுக்க வேண்டும். முதல் கையெழுத்தை உங்கள் அண்ணன் போட வேண்டும்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

"பேர் சொல்லிட்டுப் பேசுங்க" என்றீர்கள்.

"எம் பேரு தெரியாதாக்கும்?"

மண்டபம் சிரித்தது.

"பதிவாகணும். சொல்லுங்க."

"கலியமூர்த்தி. அப்பா பேரு வைத்திலிங்கம். உங்களுக்கும் அதான்."

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "மனுதாரர் என் அண்ணன். இத நான் விசாரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனீர்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு உறுப்பினர் மனுவைப் புரட்டினார். "ஆத்துல தண்ணி வருதே, மோட்டார் எதுக்கு?" என்று கேட்டார். அப்பா உங்கள் காலி நாற்காலியைப் பார்த்தார். பரிசீலிப்பதாகச் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

என் பின்னால் ராஜேந்திரன் மாமா, "போச்சு போ. அண்ணன் கையெழுத்து இருந்தா வேல ஓடும்னு எவன்டா சொன்னான்?" என்றார். சொன்னதே அவர்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தீர்கள்.

"வேற யாராவது மனு கொடுத்திருந்தா நானே விசாரிச்சிருப்பேண்ணே."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அதுவும் தப்பு."

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் விடவில்லை. "அப்ப நேர்மையா இருந்து என்ன பிரயோஜனம் சித்தப்பா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "தெரியலடா" என்றீர்கள்.

நான் காலேஜைப் பாதியில் விட்டு வயலுக்கு வந்ததிலிருந்து, எதைக் கேட்டாலும் எல்லோரும் எனக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். தெரியாது என்று சொன்ன பெரிய மனிதர் நீங்கள் ஒருவர்தான். ராஜேந்திரன் மாமா பெயரில் மறுபடியும் மனு எழுதினோம். அடுத்த கூட்டம் வருவதற்குள் உங்கள் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள்.

மறுபடியும் தஞ்சாவூரில் கூட்டம் போடுகிறார்கள். அப்பா வர மாட்டேன் என்கிறார்; நான் மனுவோடு போகிறேன். மேடையில் இருப்பவர்களுக்கு நம் ஊர் எந்தப் பக்கம் என்றே தெரியாது. பேர் கேட்பார்கள். அப்பா பேரோடு தாத்தா பேரையும் சேர்த்தே சொல்வேன். இந்தத் தடவை யாரும் எழுந்து போக மாட்டார்கள்.