வாலில் இருந்த சக்கரம்

நெப்ராஸ்கா,
ஏப்ரல் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் லெனோராவுக்கு,

இங்கே நான் நலம், என் இடது இடுப்பு மட்டும் நலமில்லை, மீதி உடம்பு நான் சொன்னபடி கேட்கிறது. உன் அண்ணன் டேரலும் அவன் வீட்டாரும் நலம், விமானமும் நலம். அங்கே நியூசிலாந்தில் நீயும், நீ வைத்தியம் பார்க்கும் ஆடுகளும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும். உன் கடிதம் வந்தது. கணினியில் அடித்திருந்தாய், படித்தேன், கையால் எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷமாகப் படித்திருப்பேன். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், கடிதத்துக்குப் பதில் கடிதம்தான், தொலைபேசியில் கூப்பிட்டு முடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதிலும் உன் கடிதத்தின் கடைசியில், அப்பாவோட விமானத்தை வித்துடும்மா, இந்த வயசுல இனிமே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அக்டோபரில் நடந்ததை டேரல் தன் பாணியில் உனக்கு எழுதியிருப்பான். நடந்தபடி நான் சொல்கிறேன், பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம்.

அன்றைக்குத் தென்மேற்கிலிருந்து குறுக்குக் காற்று. நம் ஊர் ஓடுபாதை ஒன்றே ஒன்றுதான், அதில்தான் இறங்கியாக வேண்டும். சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டது அழகாகத்தான் இருந்தது. உனக்குத் தெரியாததா, வாலில் சக்கரம் வைத்த விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் ஆளைச் சோதிக்கும், பாரமெல்லாம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் கால் கொஞ்சம் அசந்தால் வால் முன்னே வரப் பார்க்கும். என் இடது கால் அசரவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது, திசை திருப்பும் மிதியை அழுத்த அது சம்மதிப்பதற்குள் விமானம் அரை வட்டம் சுற்றி, அறுத்துப்போட்ட சோளக் காட்டுக்குள் போய் வந்த திசையைப் பார்த்து நின்றது. ஒரு சக்கரத்தின் உறை விரிசல் விட்டதைத் தவிர விமானத்துக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் டேரல் ஓடி வந்தான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, போதும்மா, இதோட போதும் என்றான், ஏதோ நான் சாராயம் குடித்துவிட்டு வந்து நிற்பது மாதிரி. அடுத்த மாதமே லிங்கன் நகரத்திலிருந்து ஒரு பல் வைத்தியரை அழைத்து வந்தான், விமானம் வாங்க. அந்த மனிதர் விமானக் கொட்டகைக்குள் வந்தார், எஞ்சின் மூடியை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், தர்பூசணி வாங்க வந்தவர் போல. நீங்களும் உங்க வீட்டுக்காரருமே வீட்டு கராஜ்ல வச்சுக் கட்டினதாமே, பறக்குமா என்று கேட்டார். நீங்கள் கட்டிவிடும் பல் மெல்லுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாக அனுப்பிவிட்டேன்.

யோசித்தேன். யோசித்து, வாலில் உள்ள சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூக்குக்குக் கீழே சக்கரம் வைப்பது என்று முடிவு செய்தேன். நீ இதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருப்பாய் என்று தெரியும். உன் அப்பா எமில் உயிரோடு இருந்திருந்தால் அவரும் உட்கார்ந்திருப்பார். நம் கொட்டகை வரிசையில் சனிக்கிழமைக் காப்பியின் போது வால்சக்கரக்காரர்களுக்குத்தான் பெஞ்சு, மூக்குச் சக்கரக்காரர்களுக்குக் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளி. அந்தச் சட்டத்தைப் போட்டதே அவர்தான். விளையாட்டாகப் போட்டது, ஆனால் எல்லோரும் வேதம் போலக் காத்து வருகிறார்கள், சென்ற வருடம் ஒரு நீதிபதி வந்து வாளியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அதனால் நான் இதைச் சொன்னதும் எல்லோரும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பக்கத்துக் கொட்டகை லைல்தான் முதலில் தெளிந்தான், அவன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், ஆனாலும் வாய் நீளம். ஏன் அல்பினாம்மா, மூணு சக்கர சைக்கிள் மாதிரி முன்னாடி ஒரு கூடையும் மணியும் வச்சுக்கலாமே, கடைக்குப் போக வசதியா இருக்கும் என்றான். கூடை வைத்தால் உன்னை அதில் உட்கார வைத்து ஓட்டுவேன், இறங்கும்போது வாயை மூடிக்கொண்டு வரவேண்டும் என்றேன். மைலோ மட்டும் சிரிக்கவில்லை. மைலோவை உனக்கு நினைவிருக்கும், கன்னியர் நடத்திய பங்குப் பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் விடைகளைப் பார்த்து எழுதியவன், பிறகு விமான மெக்கானிக் ஆனவன். கட்டியவர் என்ற முறையில் வருடாந்திரப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடும் உரிமை உன் அப்பாவுக்கு இருந்தது, அவரோடு அது போய்விட்டது, இப்போது மைலோதான் போடுகிறான். கழற்றி மாட்டுவதற்கு யாருக்கும் தடையில்லை, கையெழுத்துக்குத்தான் அவன் வேண்டும். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதுக்கு அல்பினா இது, நிஜமா சொல்லு என்றான். இடுப்பு என்றேன். இடுப்பு என்பது உண்மைதான், முழு உண்மை இல்லை, முழு உண்மை பின்னால் வருகிறது.

குளிர்காலம் முழுக்க வேலை. விமானப் பாகம் விற்கும் நிறுவனத்தாரிடமிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன, கூடவே வந்த விளக்கத் தாளில் எழுத்துப்பிழை நிறைய, நான் சிவப்பு மையால் திருத்தி அவர்களுக்கே திருப்பி அனுப்பினேன், நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். எஞ்சினைச் சங்கிலியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டோம், அதைத் தாங்கும் சட்டத்தை மாற்றினோம், பெரிய சக்கரங்களின் கால்களைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தினோம். ஓட்டை போட்டது நான், ரிவெட் ஆணி அடித்தது மைலோ, பின்பக்கம் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்தது மறுபடியும் நான், இந்த விமானத்தில் நான் பிடிக்காத ரிவெட் எதுவும் இல்லை, இனியும் இருக்கப் போவதில்லை. போல்ட் தளராமல் இருக்கக் கட்டும் கம்பியை மைலோ ஓரிடத்தில் எதிர்ப்பக்கமாக முறுக்கியிருந்தான், அது இறுக்குவதற்குப் பதில் தளர்த்தத்தான் உதவும், வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னேன். கன்னியர்களே தேவலாம், அவங்களாவது அடிச்சிட்டு விட்டுடுவாங்க என்று முனகிக்கொண்டே கட்டினான். கசகசாப் பூரணம் வைத்த கோலாச் ரொட்டி செய்து கொண்டுபோனேன், அதற்குப் பிறகு முனகல் குறைந்தது. நீ நடுவில் போன் செய்தபோதெல்லாம் தேவாலய வேலை என்று சொல்லி வைத்தேன், அந்த வாரங்களில் பலிபீட விரிப்பும் தைத்தேன், ஆகவே பொய் இல்லை.

எடை போட்ட கதையைச் சொல்லாமல் விட முடியாது. இவ்வளவு மாற்றியதும் விமானத்தைத் தராசுகள் மேல் நிறுத்தி அதன் எடை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போய்த்தான் தெரிந்துகொள்வோம். மூன்று தராசு, மூன்று சக்கரம். மைலோ கணக்குப் போட்டான், நான் போட்டேன், ஒரே விடை, வால் பக்கம் பாரம் அதிகம், வரம்பைத் தாண்டி நிற்கிறது. இத்தனை மாத வேலைக்குப் பிறகு இது பறக்காது என்றால் பல் வைத்தியரைத்தான் கூப்பிட வேண்டும். லைல் அதற்குள், மூக்குல ஈயம் வைக்கலாம், எங்கிட்ட துப்பாக்கி ரவைப் பை இருக்கு என்று எடுக்கவே போய்விட்டான். நான் கணக்கை மறுபடி பார்க்கலாம் என்று உள்ளே இருந்த பென்சிலைத் தேடினேன். தரைத்தகட்டில் வைத்த பென்சில் வைத்த இடத்தில் இல்லை, உருண்டு பின்னால் போய்க் கிடந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி உருண்டது. மைலோ, மட்டம் பார்த்தாயா என்றேன். நீ பார்த்திருப்பேன்னு நினைச்சேன் என்றான். எங்கள் ஆயுளில் எத்தனை விமானத்தை எடை போட்டிருக்கிறோம், எல்லாம் வால்சக்கரம், வால் தரையில் கிடக்கும், அதைத் தூக்கி ஸ்டூலில் வைக்காமல் எடை போட முடியாது, அப்படித் தூக்கும்போதே மட்டப்பலகையும் தானாகக் கைக்கு வந்துவிடும். இது மூன்று காலில் பார்க்க நேராக நின்றதா, நேராகத்தான் இருக்கிறது என்று மூன்று பேரும் நம்பிவிட்டோம். மட்டப்பலகையை வைத்தால் குமிழி ஓரத்தில் நிற்கிறது, மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. முன் சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன், குமிழி நடுவுக்கு வந்ததும் எடை போட்டோம், எல்லாம் வரம்புக்குள். லைல் ரவைப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றான். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினா எல்லாம் சரியாயிடுச்சு, உன் குணம் மாதிரியே இருக்கு அல்பினா என்றான் மைலோ. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் உனக்கு எழுதுகிறேன்.

கடந்த வாரம் பறந்தேன். டேரல் வேலியோரம் நின்றான், வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே பெரிது. மேலே போனதும் பழைய விமானம்தான், அதே சத்தம், வலப்பக்கம் இழுக்கும் அதே பிடிவாதம். இறங்கும்போதுதான் வித்தியாசம். சக்கரம் தரையைத் தொட்டதும் என் இரண்டு கால்களும் மிதிகளின் மேல் பழக்கப்படி ஆடத் தொடங்கின, ஆனால் ஆட வேண்டிய அவசியமே இல்லை, பாரம் இப்போது பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது, அது பாட்டுக்கு நேராக ஓடியது. முதலில் எனக்கு அவமானமாகக்கூட இருந்தது, என்னைக் கேட்காமலேயே ஒழுங்காக நடந்துகொள்கிறதே என்று. பிறகு மறுபடி எழும்பி இன்னொரு முறை இறங்கினேன், இன்னொரு முறையும் இறங்கினேன், இடுப்பு வாயே திறக்கவில்லை. சனிக்கிழமை காப்பிக்குப் போனேன். லைல் எழுந்து பெஞ்சில் இடம் விட்டான், நீங்க இங்கயே உட்காருங்க அல்பினாம்மா, உங்களுக்குச் சட்டம் கிடையாது என்றான். சட்டம் என் வீட்டுக்காரர் போட்டது, நான் மீறமாட்டேன் என்று சொல்லி வாளியில் உட்கார்ந்தேன், முதுகை நேராக வைத்துக்கொண்டு. நீதிபதிக்கு அது ஏன் பிடித்தது என்று புரிந்தது, அங்கிருந்து ஓடுபாதை நன்றாகத் தெரிகிறது.

இனி முழு உண்மை. உனக்குப் பத்தொன்பது வயதில், நீ ஓட்டி இறக்கும்போது, இதே விமானம் இதே மாதிரிக் காற்றில் சுற்றி, வலது இறக்கை நுனி வேலியில் இடித்தது. உன் அப்பா அத்தனை பேர் முன்னால், போய் வாளியில உட்காரு என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், அதற்குப் பிறகு நீ அந்த விமானத்தில் ஏறவே இல்லை. அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு நாள், அன்னிக்குக் காத்துக்கு நானே தடுமாறியிருப்பேன் அல்பினா, அவ நல்லாத்தான் பிடிச்சா என்று சொன்னார். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அவர், சொல்லவில்லை, அந்த மனிதருக்கு ரிவெட் அடிக்கத் தெரிந்த அளவுக்குப் பேசத் தெரியாது. ஆகவே நான் சொல்கிறேன். போன கிறிஸ்துமசுக்கு நீ அனுப்பிய படத்தில், அங்கே உன் பறக்கும் சங்கத்து விமானத்தின் பக்கத்தில் தனியாக ஓட்டிவிட்டு வந்து நிற்கிறாய், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்திருப்பார்கள், நான் சக்கரங்களையும் பார்த்தேன், மூக்குக்குக் கீழே ஒன்று இருந்தது. படத்தைப் பார்த்த அன்றுதான் பாகங்களுக்கு எழுதிப் போட்டேன்.

விற்பதைப் பற்றி இதுதான் என் பதில். மாற்றம் செய்த விமானத்தைச் சோதனைக்காகக் குறிப்பிட்ட மணி நேரம் தனியாகத்தான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் யாரையும் ஏற்றக் கூடாது, அது விதி. காற்று ஒத்துழைத்தால் மே மாதத்துக்குள் முடித்துவிடுவேன். ஜூனில் நீ வரும்போது இடது இருக்கை உனக்கு, என் கால் நீளத்துக்கு இருந்த மிதிகளை உன் நீளத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன், நான் இப்போது முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டுகிறேன். நான் வலப்பக்கம் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வருவேன், முயற்சியாவது செய்வேன். நீ ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, வித்துடும்மா என்றால் மறுநாளே பல் வைத்தியருக்குச் சொல்லியனுப்புகிறேன். ஓட்டிப் பார்க்காமல் சொன்னால் கேட்கமாட்டேன்.

அங்கே குளிர் தொடங்கும் நேரம், ஆட்டுப்பட்டியில் ஈரக் காலணியோடு நிற்காதே, கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு பூசையை விடாதே. தினமும் உன் பெயர் சொல்லி மாதாவிடம் கேட்கிறேன், தூரம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. கடவுள் உன்னைக் காக்கட்டும், போகும் பாதை எல்லாம் உனக்கு நேராக இருக்கட்டும். வரும்போது உன் பறக்கும் உரிமத்தை மறக்காமல் எடுத்து வா, இங்கே செல்லுபடியாக்க எழுத வேண்டிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், இப்போதே நிரப்பி அனுப்பிவிடு, கடைசி வாரம் என்று விடாதே. சனிக்கிழமைக் காப்பி நடக்கும் லைல் கொட்டகையில் என் வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதில் யாரையும் உட்கார விடுவதில்லை.

உன் அன்புள்ள அம்மா,
அல்பினா