அறுந்த இடத்தைக் கேட்டவளுக்கு

இதில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப் போகிறேன், எனக்கு அவமானமானதையும் சேர்த்து. போன வருஷம் பாதியை மட்டும் எழுதியதால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்று மாலை கரும்பலகையைத் துடைக்கும்போது டஸ்டரிலிருந்து கஞ்சி வாசம் வந்தது. உன் அப்பாவின் விசைத்தறியில் மிஞ்சிய காடாத் துணியை நாலாக மடித்து நீ தைத்துக் கொண்டுவந்த டஸ்டர். ஒரு வருஷச் சாக்பீஸ் தூள் ஏறியும், சாரலில் நனைந்தால் அந்த வாசம் வந்துவிடுகிறது. கையை மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவாய். உன் தலைமுடியில் எப்போதும் துளிப் பஞ்சு ஒட்டியிருக்கும். நீ மெதுவாகப் பேசினாலே பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். டீச்சர் கண்டித்தால், "தறி ஓடுற ஊட்டுப் புள்ளைக்கு மெல்லப் பேச எங்கீங்க டீச்சர் வரும்?" என்பாய்.

பத்தாம் வகுப்பில் நான் லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவேன். மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று ஏற்றுவேன். ஒருநாள் நம் வகுப்பு மல்லிகாவின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று போட்டேன். கணக்கு டீச்சர் வந்து அவளை வராந்தாவில் முட்டி போட வைத்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். மணி அடித்ததும் மல்லிகா உள்ளே வந்து என் கட்டுரை நோட்டின் மேல் இங்க் புட்டியைக் கவிழ்த்தாள்.

நான் தலைமை ஆசிரியைக்கு ஒன்றரைப் பக்கத்தில் புகார் எழுதினேன். நேரம், சாட்சிகள், எல்லாம் இருந்தன.

"குடு போ," என்றாள் மல்லிகா. "எங்கப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க. அதோட அவரு என்னையும் எங்கக்காவாட்டம் பனியன் கம்பெனிக்கு அனுப்பிப்போடுவாரு. சந்தோஷந்தானே உனக்கு?"

"நெசத்தைத்தானே எழுதியிருக்கேன்," என்றேன்.

நீ அந்தத் தாளை வாங்கிப் படித்தாய். "கையெழுத்து முத்து முத்தா இருக்குது புள்ள. மத்தியானம் வரைக்கும் குடுக்காதே. ரெண்டு பேரும் தண்ணித் தொட்டிக்கிட்ட வாங்க."

வந்ததும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நீ காதில் விரலை விட்டுக்கொண்டாய்.

"எங்கூட்டுல சண்டை போடோணும்னா முதல்ல தறியை நிறுத்தோணும். இல்லீன்னா ஒண்ணுமே கேக்காது. எங்கப்பா போய் நிறுத்திட்டு வரதுக்குள்ள எங்கம்மாவுக்குப் பாதி மறந்துபோயிரும். நீங்களும் நிறுத்துங்க. இப்பச் சொல்லுங்க, எங்க அறுந்துச்சு?"

"இவ இங்க்கைக் கொட்டினா," என்றேன்.

"அது துணியில தெரியற கோடு. நீளவாக்குல ஓடற பாவு நூல்ல ஒரு இழை அறுந்தது தெரியாம தறியை ஓட்டுனா அப்படித்தான் நீளத்துக்குக் கோடு உழுகும். இழை முன்னாடியே அறுந்திருக்கும். அவளாட்ட நீ பேசு, உன்னையாட்ட அவ பேசட்டும். 'ஆமா, அதுதான்'னு சொல்ற வரைக்கும் உடமாட்டேன்."

மல்லிகா முதலில் என்னைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "நான் பெரிய லீடருங்க. என்ற நோட்டு நாலு மாசம் எழுதுனதுங்க. திரும்ப எழுத..." அதற்கு மேல் அவளால் நடிக்க முடியவில்லை. "திரும்ப அப்படியே எழுத முடியாது," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமா, அதுதான்," என்றேன்.

என் முறை வந்தது. "நான் மல்லிகா. நான் காத்தால பேசுனது..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். அவள் பக்கத்துப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியும். பார்த்துக்கொண்டேதான் மூன்று போட்டேன். முந்தின நாள் நான் வகுப்பில் கட்டுரை வாசித்தபோது அவள் சத்தமாகக் கொட்டாவி விட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். அங்கேதான் அறுந்தது. அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

நீ தாளைத் திருப்பிக் கொடுத்தாய். "நீ எழுதுனதெல்லாம் நெசந்தான் புள்ள. ஆனா பாதி நெசம்."

"கொட்டாவி வேணும்னு உடலைடி," என்றாள் மல்லிகா. "உன்ற கட்டுரை அவ்வளவு நீளம்."

நீ சிரித்த சிரிப்பில் தொட்டி மேல் இருந்த காக்கை பறந்துபோனது.

நான் புகாரைக் கிழித்தேன். அதோடு நீ விடவில்லை. "கிழிச்சுப்போட்டா ஆச்சா? முட்டி போட்டது அவதானே?" கணக்கு டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு பீரியட் முழுக்க அதே வராந்தாவில் முட்டி போட்டேன். மல்லிகா ஒரு வாரம் உட்கார்ந்து, இங்க் படிந்த பக்கங்களிலிருந்து என் கட்டுரைகளைப் புது நோட்டில் எழுதித் தந்தாள், நடுநடுவே சுருக்கி.

அந்த வருஷம் ஐப்பசியில் உனக்கு மஞ்சள் காமாலை முற்றியிருந்தபோது இருவரும் உன் வீட்டுக்கு வந்தோம். தறி நின்றிருந்தது. நீ மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "என்னங் லீடரம்மா, கிளாஸ்ல சண்டை ஏதாச்சும் நடக்குதுங்களா?" என்றாய். ஒன்றுமில்லை என்றேன். "பொய்யி," என்று கண்ணை மூடிக்கொண்டாய். நாலாம் நாள் பள்ளிக்கு எதிரிலிருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது.

பொய்தான். அப்போதும் சண்டை நடந்தது, இன்றும் நடந்தது. பெஞ்சில் இடம் பிடித்த தகராறில் இரண்டு பெண்கள் புகார் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். தொட்டியருகே கூட்டிப்போய் நீ கேட்டதைக் கேட்டேன். ஒருத்தி பாதியில் எழுந்து போய்விட்டாள். உன் அளவுக்கு எனக்கு வரவில்லை. நாளைக்கு மறுபடி கூப்பிடுவேன்.

இப்போதும் நான்தான் லீடர். பெயர் எழுதச் சாக்பீஸை எடுக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் நிற்கிறது. நேற்று இவளோடு எனக்கு என்ன நடந்தது என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பல நாள் எழுதாமலே சாக்பீஸை வைத்துவிடுகிறேன்.

மல்லிகா என் தோளுக்கு மேலாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நீளம் என்கிறாள். ஆனால் எந்த வரியையும் வெட்டச் சொல்லவில்லை.

"ஏனுங் அம்மணிகளா, பூட்டோணுமுங்க," என்கிறார் வாட்ச்மேன். உன் டஸ்டரைக் காய்வதற்காகச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டார்.